நேர்ச்சைப் பேராலயமும் நமது துறைமுகமும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பேராலயம் என்றதும் நமக்கு நினைவில் வருவது நீல முகப்போடு நிற்கும் நம்மூர்ப் புனித மரியாள் ஆலயமே. அது 1852இல் எழுந்தது. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாயிற்று. ஆயரின் ஆசனம் இருப்பதால் அது பேராலயம். பசிலிக்கா என்பது வேறு. பாப்பரசர் ஓர் ஆலயத்துக்கு அளிக்கும் சிறப்புப் பட்டம் அது. பாதி விரிந்த பட்டுக்குடையும் சிறுமணியும் அதன் அடையாளங்கள்.

ராகமைக்கு அருகே, தேவத்தையிலுள்ள இலங்கை அன்னை பசிலிக்காவுக்கு நம்மில் பலர் யாத்திரை போயிருக்கிறோம். அதற்கும் நமது துறைமுகத்துக்கும் ஓர் உறவு உண்டு.

1940இல், உலகப் போர் மூண்டிருந்த வேளையில், கொழும்புப் பேராயர் மசோன் ஆண்டகை ஒரு நேர்ச்சை செய்தார். போரின் அழிவிலிருந்து இலங்கை காக்கப்பட்டால் அன்னைக்கு ஓர் ஆலயம் எழுப்புவதாக வாக்களித்தார். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி நம்மூரின் முறை. துறைமுகமும் சீனன்குடாவும் குண்டுவீச்சுக்குள்ளாயின. முன்னிரவில் இங்கிருந்து புறப்பட்ட ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதில் 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அப்படியானால் நேர்ச்சை பலித்ததா? சிங்கப்பூரும் பர்மாவும் எதிரியிடம் வீழ்ந்தன. இலங்கையில் எதிரி தரையிறங்கவில்லை. நாடு தப்பியது. ஆனால் அந்த நாட்டுக்காக அடி வாங்கிய ஊர்களில் நம்முடையதும் ஒன்று. நன்றிக் கீதம் பாடும்போது இதை மறக்கலாகாது.

மசோன் ஆண்டகை 1947இல் காலமானார். அவருக்குப் பின் வந்த தோமஸ் கூரே ஆண்டகை நேர்ச்சையை நிறைவேற்றினார். 1974 பெப்ரவரி 6இல் பசிலிக்கா அபிஷேகம் செய்யப்பட்டது. நம் நாட்டின் முதல் கர்தினாலான அவர், 1988இல் இறந்தபின் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஒருவர் கொடுத்த வாக்கை இன்னொருவர் தமதாக ஏற்று முடித்தார். நூறாண்டு கண்ட நம் சங்கமும் அப்படித்தானே வளர்ந்தது?

ஆகவே இரண்டு காரியங்கள் செய்வோம். அடுத்த யாத்திரையில் இத்துறைமுகத்தில் மாண்டவர்களுக்காகத் தேவத்தையில் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். அந்த ஏப்ரல் காலையைப் பற்றி அம்மம்மாமார் சொன்னவற்றை, நினைவிருக்கும்போதே எழுதிவைப்போம். இது நமது நேர்ச்சையாக இருக்கட்டும்.