குளோரைடு வாயிலும் வாந்திபேதியும்

மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் நீர் தேங்குவது நம்மவர்க்குப் புதிதன்று. பகுதி தாழ்ந்தது, கனமழையும் கடலேற்றமும் ஒரே வேளையில் சேர்ந்தால், வடிகால் நீர் போக வழியின்றித் தெருவில் நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மறந்தவர் நம்மில் யார்? வெள்ளம் வடிந்தபின் வேறோர் அச்சம் எழும். சாக்கடை நீர் குடிநீரில் கலந்து வாந்திபேதி வருமோ என்பதே அது. அந்நோய் உடலின் நீரை எவ்வாறு வெளியேற்றுகிறது?

உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு கொழுப்பாலானது. உப்பின் ஒரு கூறாகிய குளோரைடு மின்னூட்டம் பெற்றதாதலின், அச்சவ்வைத் தானே கடக்க இயலாது. அதற்கெனப் புரதங்கள் வாயில்களாக அமைந்துள்ளன. குடற்சுவரில் உள்ள தலைவாயிலுக்கு சி.எஃப்.டி.ஆர். என்று பெயர். 1,480 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி அது. அதன் மரபணு 1989இல் கண்டறியப்பட்டது.

சவ்வின் ஊடே ஒரு துளை, உட்புறத்தில் ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளைப் பற்றும் இரண்டு மடல்கள். அவற்றினிடையே தாழ்ப்பாள் போல ஒரு பகுதி. உயிரணுவினுள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருள் பெருகினால், ஒரு நொதி அத்தாழ்ப்பாளில் பாஸ்பேட்டுகளை ஒட்டி அதனை விலக்கும். பின்னர் மடல்கள் ஏ.டி.பி.யைப் பற்றி ஒன்று சேர, வாயில் திறக்கும், ஏ.டி.பி. சிதைந்ததும் மூடும். தாழ்ப்பாள் விலகி நிற்குமளவும் இத்திறப்பும் மூடலும் மாறி மாறி நிகழும்.

காலராவின் கொடுமை கிருமியின் நஞ்சில் உள்ளது என்பதைக் கல்கத்தாவில் சம்புநாத் டே 1959இல் மெய்ப்பித்தார். அந்நஞ்சு தூதுப்பொருளின் உற்பத்தியை நிறுத்தவொட்டாமல் செய்கிறது. தாழ்ப்பாள் விலகியே கிடக்க, குளோரைடு குடலுக்குள் பாய்கிறது, சோடியம் அதனைத் தொடர்கிறது, நீரும் பின்செல்கிறது. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லிட்டர் நீர்கூட வெளியேறும்.

ஆயினும், சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்து உள்ளே ஏற்கும் வேறொரு வாயிலை அந்நஞ்சு கெடுப்பதில்லை. 1971இல் வங்க அகதிகள் குவிந்த பொங்காவில் சிரைவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இவ்வாயிலையே நம்பினார். உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவு இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது.

வயிற்றுக்கு ஓய்வு என்று குழந்தைக்கு நீரையே மறுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. அது பெருந்தவறு. உப்பிட்ட அரிசிக் கஞ்சி கொடுத்த பாட்டியரே அறிவுடையோர். அரிசி மாவும் குடலில் குளுக்கோசாகிறதன்றோ! மருந்துக் கடையின் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் சிறந்தது. அது கிட்டாவிடின், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டி அளந்த ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். அளவை மிஞ்சிய சர்க்கரை நீரை மீண்டும் குடலுக்குள் இழுக்கும். பேதி உடனே நிற்காது. இழந்த நீரை ஈடுசெய்வதே இதன் வேலை. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தரவேண்டும். கண்கள் குழிந்து, சிறுநீர் நின்று, குழந்தை பருகவும் இயலாமற் சோர்ந்தால், வீட்டு மருத்துவத்தை விடுத்து, பொழுது எதுவாயினும் அருகிலுள்ள சயான் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.