சுவையும் மதிப்பெண்ணும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சுவை. ஒன்றைச் சுவைத்து மகிழ்வது ஒரு செயல். சுவைத்து மதிப்பிடுவது மற்றொரு செயல். இரண்டிலும் நாவும் செவியும் ஒரே வேலையைச் செய்வன போலத் தோன்றும். ஆயினும் முன்னது நமக்காகச் செய்வது. பின்னது பிறருக்காகச் செய்வது. இவ்வேறுபாட்டை மறந்தால் நம் இல்லங்களில் வளரும் குழந்தைகள் எதனை இழக்கிறார்கள் என்பதையே உங்கள்முன் எடுத்துரைக்க விழைகிறோம்.

எல்லார் வீட்டிலும் உள்ள தேயிலையிலிருந்து தொடங்குவோம். மூணாறு, பீருமேடு முதலிய மலைகளின் தேயிலை கொச்சியில் ஏலத்திற்கு வருகிறது. அவ்வேலம் 1947-இல் தொடங்கியது. நீலகிரியில் குன்னூர் ஏலம் 1963-இல் தொடங்கியது. ஏலத்திற்கு முன்னர் ஒவ்வொரு வகையையும் சுவைத்துத் தரம் கூறுவதற்கென்றே பயின்ற வல்லுநர் உளர். நீண்ட மேசைமீது வரிசை வரிசையாகக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் நிறுத்து இட்ட தூள், அளந்து ஊற்றிய கொதிநீர், மணி பார்த்து இறக்கிய சாறு. வல்லுநர் கரண்டியால் ஒரு வாய் எடுத்து, ஓசையெழ உறிஞ்சி, நாவிற் புரட்டி, உடனே உமிழ்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்திற்கு நகர்கிறார். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களை அவர் கடந்துவிடுவார். அத்தனை கிண்ணங்களைச் சுவைத்தும் அன்று அவர் தேநீர் அருந்தினார் என்று சொல்ல இயலாது. மாலையில் வீடு திரும்பி, மனைவி மக்களோடு அமர்ந்து, ஊதி ஊதிக் குடிக்கும் அந்த ஒரு குவளையே அவர் அருந்திய தேநீர். காலையிற் செய்தது தொழில். மாலையிற் பெற்றது சுவை. தொழிலின்றித் தோட்டத்தில் உழைத்தவர்க்கு உரிய விலை கிடையாது. ஆதலின் அதனைக் குறை கூறுவார் இல்லை. மாலைக் குவளையையும் உமிழ்ந்துவிட்டு எழுந்து போவாரானால்தான் நாம் அவருக்காக வருந்த வேண்டும்.

மேலை நாடுகளில் திராட்சை மதுவுக்கு இத்தகைய மதிப்பீடு இன்னும் பெரிய அளவில் நடைபெறுகிறது. மதுவைத் தொடாதவரே நம்முள் பலர். எனினும் அங்கு நடந்தது நமக்கும் பாடமாகும். ராபர்ட் பார்க்கர் என்னும் அமெரிக்கர் 1978-இல் ஓர் இதழைத் தொடங்கி, மது வகைகளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று எண் இடும் வழக்கத்தைப் பரப்பினார். அவ்வழக்கம் கடைத்தெருவை ஆண்டது. வாங்குவோர் மணத்தையும் மண்ணையும் விட்டு எண்ணைக் கேட்கலாயினர். ஒரே அமர்வில் பற்பல புட்டிகளைத் திறந்து, சுவைத்து, உமிழ்ந்து, எண் எழுதிச் செல்லும் கூட்டங்களும் பெருகின.

இவ்வெண்களின் உறுதியைச் சோதிக்க ஒருவர் முன்வந்தார். கலிபோர்னியாவில் சொந்தமாக மது வடித்து வந்தவரும் புள்ளியியல் அறிந்தவருமான ராபர்ட் ஹாட்சன் என்பார், அம்மாநிலப் பொருட்காட்சியின் நடுவர்களிடம் 2005 முதல் 2008 வரை ஒரு சோதனை நடத்தினார். ஏறத்தாழ 30 கோப்பைகள் கொண்ட வரிசையில், ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய மதுவை மூன்று இடங்களில் அவர்கள் அறியாதவாறு வைத்தார். ஒரே மதுவுக்கு மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே மதிப்பைத் தந்தவர் பத்தில் ஒருவரே. மற்றையோர் ஒருமுறை புகழ்ந்ததையே மறுமுறை தாழ்த்தினர்.

அவர்கள் கல்லாதவர் அல்லர், நேர்மையற்றவரும் அல்லர். நாவின் இயல்பு அத்தகையது. நெல்லிக்காயைத் தின்று நீர் பருகினால் நீர் இனிக்கிறது. பாயசத்தை உண்டபின் பழத்தைக் கடித்தால் பழம் புளிக்கிறது. முன்னதன் சுவை பின்னதன் வழக்கில் சாட்சி சொல்லிவிடுகிறது. சிவந்த மதுவின் துவர்ப்போ கோப்பைக்குக் கோப்பை நாவில் ஏறிக்கொண்டே போவது. இருபத்தைந்தாம் கோப்பைக்கு வரும்போது நாவிற்கு நடுநிலை எங்கிருந்து வரும்? மேலும், நல்ல மது கோப்பையில் ஊற்றியபின் காற்றுப்பட்டு மெல்ல மெல்ல மணம் மாறுவது என்பர். உணவோடும் உரையாடலோடும் ஒரு கோப்பையை ஒரு மாலைப் பொழுது வைத்திருப்பவரே அம்மாற்றத்தைக் காண்பார். அரை நிமிடத்தில் எண் எழுதி நகர்பவர் முதற் பக்கத்தை மட்டும் படித்து நூலுக்கு மதிப்புரை எழுதியவரே ஆவார்.

நாவுக்குரிய இந்நியதி செவிக்கும் பொருந்தும். பெல்ஜியம் நாட்டுப் பிரஸ்ஸெல்ஸ் நகரில் எலிசபெத் அரசியார் பெயரால் நடைபெறும் இசைப் போட்டி உலகப் புகழ் வாய்ந்தது. அதன் இறுதிச் சுற்றில் யார் எந்நாளில் வாசிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்கின்றனர். ஃபுளோரஸ், கின்ஸ்பர்க் என்னும் இரு ஆய்வாளர்கள் அப்போட்டியின் பல ஆண்டு முடிவுகளை ஆராய்ந்து 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முதல் நாளில் வாசித்தவர் உயர்ந்த இடம் பெறும் வாய்ப்புக் குறைவு என்பது அவர்கள் கண்ட முடிவு. சீட்டில் வந்த நாளுக்கும் கைத்திறனுக்கும் தொடர்பு ஏது? மேதைகள் நடுவராக அமரும் இடத்திலேயே இவ்வாறெனில், நம் பள்ளிகளின் மேடைகளைப் பற்றி என் சொல்வது!

நாம் வாழும் இக்கேரள நாட்டில் பள்ளிக் கலைவிழா 1957-இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது. இன்று அது மாநிலமே எதிர்நோக்கும் பெருவிழா. வெல்லும் மாவட்டத்திற்கு 117.5 பவுன் எடையுள்ள தங்கக் கோப்பை கிடைக்கிறது. 2025 ஜனவரியில் 63-ஆம் விழா நம் திருவனந்தபுரத்திலேயே 25 மேடைகளில் ஐந்து நாள் நடந்தது. முடிவில் திருச்சூர் 1008 புள்ளி. பாலக்காடு 1007 புள்ளி. ஒரே ஒரு புள்ளி! ஆயிரம் புள்ளிகளுக்குப் பின்னால் எத்தனை ஆலாபனைகள், எத்தனை முத்திரைகள், எத்தனை குழந்தைகளின் உறங்காத இரவுகள்! ஊர் நினைவில் நிற்பதோ அந்த ஒரு புள்ளி.

இதனைக் கேட்டதும், “போட்டியே வேண்டா என்கிறீர்களோ?” என்று சிலர் ஐயுறலாம். அவ்வாறு சொன்னால் அது நன்றி மறந்த பேச்சாகும். 1958-ஆம் ஆண்டு விழாவில் வாய்ப்பாட்டில் முதற்பரிசு பெற்ற மாணவர் யேசுதாஸ்; மிருதங்கத்தில் முதற்பரிசு பெற்ற மாணவர் ஜெயச்சந்திரன். பின்னாளில் இருவர் குரலையும் தென்னாடு முழுவதும் கேட்டது. எவ்வீட்டுப் பிள்ளையாயினும், எக்குலத்துப் பிள்ளையாயினும் மேடையேறலாம் என்னும் வழியைப் போட்டி திறந்து வைத்தது. மதிப்பெண்ணில் ஒருவகை நீதி உண்டு. அந்நீதியை நாம் போற்றுகிறோம். ஆனால் நீதிமன்றத்தில் எவரும் குடியிருப்பதில்லை; வழக்கு முடிந்ததும் வீட்டிற்குத் திரும்பவேண்டும். பாட்டுக்கும் அத்தகைய ஒரு வீடு வேண்டும்.

அவ்வீடு எவ்வாறு இருக்கும் என்று அறிய நாம் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. பத்மநாப சுவாமி கோயிலின் அருகே, கோட்டைக்ககத்தில், நவராத்திரி மண்டபம் இருக்கிறது. சுவாதித் திருநாள் மகாராஜா, 1813-இல் பிறந்து 1846-இல் மறைந்தவர், முப்பத்து மூன்று ஆண்டே வாழ்ந்தவர், நவராத்திரியின் ஒன்பது நாளுக்கும் ஒன்பது கீர்த்தனைகள் இயற்றி வைத்தார். நாளுக்கு ஓர் இராகம்: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி. எவ்வித்துவான் வந்தாலும் நான்காம் நாள் தோடிதான். ஐந்தாம் நாள் பைரவிதான். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரை மணிக்கு முடியும் கச்சேரியில் அன்றைய இராகமே அரசு வீற்றிருக்கும். ஆலாபனை விரிந்து, மிருதங்கம் உடன் ஒலிக்கத் தானம் பாடி, பிறகே கீர்த்தனை எழும். ஒலி சீராகப் பரவுதற்கென மட்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கும் அம்மண்டபத்தில் கைதட்டும் வழக்கம் இல்லை. பாடியவரும் கேட்டவரும் அமைதியாகவே எழுந்து செல்வர்.

இவ்வமைப்பின் நுட்பத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். இராகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பாடகருக்கு இல்லை. புதியதைக் காட்டி வியக்கவைக்கும் தேவையும் இல்லை. கைதட்டல் இல்லாமையால் அதனை வேண்டிச் செய்யும் வித்தையும் இல்லை. ஆண்டுதோறும் அதே தோடியைக் கேட்பவர்க்கு அது பழகிய முகம் ஆகிவிடுகிறது. பழகிய முகத்தில்தானே சிறு புன்னகையும் புலப்படும்! மார்கழியில் சென்னை மாநகரில் ஒரு சபையிலிருந்து மறுசபைக்கு ஓடி, நாளொன்றுக்கு மூன்று நான்கு கச்சேரி கேட்டு, எத்தனை இராகம் கேட்டோம் என்று கணக்குச் சொல்வாரும் உளர். அவர் பெற்றது கணக்கு. இம்மண்டபத்தில் ஒரு தோடியோடு இரண்டரை மணி அமர்ந்தவர் பெற்றது தோடி.

அம்மண்டபத்திற்கும் ஒரு குறை இருந்தது. நெடுங்காலம் அங்குப் பெண்கள் பாடும் வழக்கம் இல்லை. 2006-இல்தான் பாறசாலை பொன்னம்மாள் அவர்கள் அங்கே அமர்ந்து பாடிய முதற் பெண்மணி ஆனார். போட்டி மேடை எந்நாளோ திறந்த கதவு இங்கே அன்றுதான் திறந்தது. ஆகவே, பொறுமையாகச் சுவைக்கும் இடம் எல்லார்க்கும் திறந்த இடமாகவும் இருத்தல் வேண்டும். மண்டபத்தின் அமைதியையும் மேடையின் சமநீதியையும் ஒருங்கே கொள்வதே அறிவுடைமை.

இவ்விழாவில் தமிழராகிய நமக்கும் பங்குண்டு. கம்பர் வழிபட்டது என்று மரபு கூறும் சரஸ்வதி திருவுருவம் பத்மநாபபுரத்திலிருந்தே இங்கு எழுந்தருளுகிறது. குமாரகோவில் முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருகின்றனர். 1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை மாறியும் ஊர்வலம் மாறவில்லை. பேருந்தில் சில மணி நேரத்தில் கடக்கும் வழியை, குழித்துறையில் தங்கி, நெய்யாற்றின்கரையில் தங்கி, மூன்றாம் நாள் கரமனை வழியாகக் கோட்டையை அடைகிறது. கலைமகளே விரைந்து வர விரும்பவில்லை என்று கொள்வோமாக.

இனி நம் குடியிருப்புக்கு வருவோம். நம் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலமும் மலையாளமும் படிக்கிறார்கள். தெருவில் மலையாளம் பேசுகிறார்கள். பல வீடுகளில் அவர்கள் மனப்பாடமாக அறிந்த தமிழ், போட்டிக்காகக் கற்ற ஒரு பாட்டும் ஒரு செய்யுளுமே. போட்டியில் பரிசு கிடைத்தால் அடுத்த ஆண்டு வேறு பாட்டு. கிடைக்காவிட்டால் பாட்டே இல்லை. சுருதிப் பெட்டி பரணுக்கு ஏறிவிடுகிறது. அதனோடு சேர்ந்து அப்பாட்டின் தமிழும் பரணேறிவிடுகிறது. தாய்நிலத்தில் வாழும் குழந்தைக்கு அது ஒரு பாட்டின் இழப்பு. அயல் மண்ணில் வளரும் நம் குழந்தைக்கு அது மொழியின் இழப்பு. அரை மதிப்பெண் குறைந்ததற்காக ஒரு பிள்ளை தன் தாய்மொழியின் வாயிலை மூடிக்கொள்ளலாமா?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். வகுத்தாரேயன்றி, எட்டுக்கு இத்தனை என்று எண் இடவில்லை. நீலகண்ட சிவன் இந்நகரத்தில் வாழ்ந்து தமிழிற் பாடினார். இளமையை இங்குக் கழித்த பாபநாசம் சிவன் அவரைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தார். கேட்டு வளர்ந்ததன் பயனை இன்றும் தமிழகம் பாடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். போட்டிகள் இன்றுபோல் என்றும் நடக்கட்டும், பரிசுகளும் வழங்குவோம். அவற்றோடு ஆண்டில் ஒரு மாலையை மதிப்பெண் இல்லாத மாலையாக வைத்துக்கொள்வோம். அன்று ஓர் இராகம், அல்லது ஒரே பாட்டு. பரிசு பெற்றவரும் பெறாதவரும், சிறுமியரும் சிறுவரும், பாட்டிமாரும் தாத்தாமாரும் அதனையே பாடட்டும். நடுவர் வேண்டா, மணியடிப்பவர் வேண்டா. அடி மறந்தால் மீண்டும் தொடங்கட்டும். பொருள் புரியாத சொல்லை மூத்தவர் ஒருவர் விளக்கட்டும். ஒரே பாட்டைப் பத்துக் குரலில் கேட்டபின், அப்பாட்டு நம் வீட்டாருள் ஒருவராகிவிடும்.

வீட்டிலும் ஒரு சிறு பழக்கம் வேண்டும். மேடையிலிருந்து இறங்கி வரும் குழந்தையிடம், “எத்தனை மார்க்?” என்று கேட்குமுன், “எந்த அடி பாடும்போது உனக்கு இனித்தது?” என்று கேட்போம். முதற் கேள்விக்கு ஓர் எண் விடையாக வரும். அத்தோடு பேச்சு முடியும். இரண்டாம் கேள்விக்கு அக்குழந்தை மீண்டும் ஒருமுறை பாடிக் காட்டும்.