டேப்பும் நோட்டும் எங்கள் வீடும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"கட்டட வேலையில் நிர்வாகம்" என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் படித்தது பத்தாம் வகுப்பு. இன்ஜினியரிங் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வீட்டைக் கட்டி, பாதியில் நிறுத்தி, அழுது, மறுபடி கட்டி முடித்தவள் நான். அதைச் சொல்கிறேன். நிர்வாகம் எங்கே தப்பியது, எங்கே பிடித்தது என்று உங்களுக்கே விளங்கும்.

2022 மாசியில் வானம் தோண்டினோம். மொத்தம் 400 சதுர அடி. என் வீட்டுக்காரர் லோடு வேலை பார்க்கிறவர். சேர்த்து வைத்தது 80,000, நகை அடகு 1,00,000, மாமியார் மாடு விற்றுத் தந்தது 40,000, குழுக்கடன் 60,000. ஆக 2,80,000 ரூபாய். கொத்தனார் வாயாலேயே கணக்குப் போட்டார். "மூணு லட்சத்துல முடிச்சிரலாம் தாயி, கவலைப்படாதீங்க" என்றார். ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பாரோ என்ற கூச்சம்.

வைகாசியில் ஒருவர், "சிமெண்ட் விலை ஏறப் போகுது, இப்பவே வாங்கிப் போடுங்க" என்றார். 400 ரூபாய் வீதம் 40 மூட்டை வாங்கினோம். சாய்ப்புக்குள் வெறும் தரையில் அடுக்கினோம். நம்ம ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஆனி பிறந்தால் குற்றாலத்துக்குச் சீசன், கட்டட வேலைக்காரனுக்குக் கஷ்டகாலம். சாரல் இறங்கியது. தரை ஈரம் ஏறி 11 மூட்டை கல்லாய் இறுகிப் போனது. 4,400 ரூபாய் போச்சு. அடியில் பலகை போட்டு, சுவரில் ஒட்டாமல் அடுக்கி, தார்ப்பாய் மூடியிருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும்.

லிண்டல் மட்டத்துக்குச் சுவர் வந்தபோது கொத்தனார் 15,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். மறுவாரம் மலைக்கு அந்தப் பக்கம் கூலி கூட என்று கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். போன் எடுக்கவில்லை. கையில் மிச்சம் 35,000 ரூபாய். மழையில் சுவர் மட்டும் நனைந்துகொண்டு நின்றது. ஒரு பக்கம் மாசம் 2,000 ரூபாய் வீட்டு வாடகை, இன்னொரு பக்கம் நகைக்கு வட்டி. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் நான் குழுவுக்குத் தவணை கட்டவில்லை.

குழுக்கடன் ஒருத்தி பேரில் இருந்தாலும் எல்லார் தலையிலும் இருக்கிறது. நான் கட்டாவிட்டால் அடுத்த வங்கிக் கடன் நின்றுபோகும். எங்கள் குழுவில் ஒரு மதினி, மகளுக்கு நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட அந்தக் கடனை நம்பியிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு கூட்டத்துக்கு, தலைவலி என்று பொய் சொல்லிப் போகாமல் இருந்தேன். அடுத்த கூட்டத்துக்கு ஊக்குநர் அக்கா வீட்டுக்கே வந்து கூட்டிப்போனார்கள்.

அது செப்டம்பர் முதல் வாரம். திட்டுவார்கள் என்று நினைத்தேன். அக்கா நாலே கேள்வி கேட்டார்கள். "இதுவரை எவ்வளவு செலவு? எவ்வளவு வேலை முடிஞ்சிருக்கு? மிச்ச வேலைக்கு எவ்வளவு வேணும்? எந்த வேலையை எந்தத் தேதிக்குள்ள முடிக்கணும்?" முதல் கேள்விக்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது. மற்ற மூன்றுக்கும் வாய் திறக்க முடியவில்லை.

மறுநாள் ஐந்து பேர் என் வீட்டுக்கே வந்தார்கள். ஒரு டேப், ஒரு நீள நோட்டு. எங்கள் உறுப்பினர் ஒருவருடைய மாமனார் ஓய்வு பெற்ற மேஸ்திரி, அவரும் வந்தார். அன்றைக்குக் கடைசி லோடு எம்-சாண்ட் வந்து நின்றது. இரண்டு யூனிட் என்று பில். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. தாத்தா வண்டியின் பெட்டியை அளக்கச் சொன்னார். நீளம் 10 அடி, அகலம் 6 அடி, மணல் உயரம் இரண்டரை அடி. பெருக்கினால் 150. அதாவது ஒன்றரை யூனிட். முந்தின மூன்று லோடும் அதே வண்டி, அதே பில். நாலு லோடில் இரண்டு யூனிட் போயிருக்கிறது. யூனிட் 5,000 ரூபாய் என்று வைத்தால் 10,000 ரூபாய். விற்றவர் பேர் வேண்டாம். அளக்காமல் வாங்கியது என் தப்பு. நாலாவது லோடுக்கு மட்டும் விலையைக் குறைத்துக் கொடுத்தோம், மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் நோட்டில் கோடு போட்டார்கள். வேலை, அளவு, ஆகும் செலவு, ஆன செலவு, முடிக்க வேண்டிய நாள், முடிந்த நாள். மேற்கூரை காங்கிரீட்டுக்கு 1,10,000. பூச்சு, தரை, கதவு, சன்னலுக்கு 90,000. ஆக இரண்டு லட்சம் வேண்டும், இருப்பதோ 35,000. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா சொன்னார்கள், "அழாத. இவ்வளவு நாளா இருட்டுல நின்ன, இப்பதான் விளக்குப் போட்டிருக்கு."

நோட்டை வைத்துக்கொண்டு மூன்று முடிவு எடுத்தோம்.

முதலாவது, 400 சதுர அடிக்கும் காங்கிரீட் வேண்டாம். 300 சதுர அடிக்கு மட்டும் போடுவது. முன் திண்ணைக்குப் பிறகு தகரம் போட்டுக்கொள்ளலாம். செலவு 85,000-ஆக இறங்கியது.

இரண்டாவது, எப்போது போடுவது. ஆவணியோடு சாரல் ஓயும். ஐப்பசியில் அடைமழை பிடிக்கும். நடுவில் கிடைப்பது புரட்டாசி மட்டுமே. அதை விட்டால் தை மாதம்தான். அதற்குள் சுவர் இரண்டாவது மழையையும் குடித்துவிடும்.

மூன்றாவதுதான் கஷ்டமான முடிவு. என்னிடம் 35,000. வீட்டுக்காரர் சீட்டுப் பணம் 20,000. இன்னும் 30,000 வேண்டும். தவணை கட்டாதவளுக்கு மறுபடி கடன் கொடுக்கலாமா? அந்த நர்சிங் மதினி எழுந்து, "ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் தலை குனிந்து இருந்தேன். அப்போது கணக்கு எழுதும் தங்கச்சி நோட்டை வாசித்தாள். "மேற்கூரை போடாட்டா போட்ட பணம் மழையில கிடக்கும். போட்டா அடுத்த மாசமே குடி போகலாம். வாடகை 2,000 மிச்சம். அந்த 2,000 நம்ம தவணைக்கு வரும்." மதினி நோட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்கள். "சரி, ஆனா பணத்தை இவ கையில குடுக்கக் கூடாது. வேலை முடிய முடிய, அளந்து பார்த்து, நாமளே குடுக்கணும்" என்றார்கள். அந்த நிபந்தனைதான் என் வீட்டைக் காப்பாற்றியது.

புதுக் கொத்தனாரிடம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். சென்ட்ரிங் அடித்ததும் ஒரு பங்கு, கம்பி கட்டி முடித்ததும் ஒரு பங்கு, காங்கிரீட் போட்ட அன்று ஒரு பங்கு, பலகை பிரித்த பிறகு கடைசிப் பங்கு. புரட்டாசி முதல் வாரம் காங்கிரீட் போட்டோம். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். 14 நாள் கழித்து முட்டு பிரித்தோம். பூச்சு இல்லாத சுவர், படுதா தொங்கின சன்னலோடு அந்தத் தீபாவளிக்கு முன்னால் பால் காய்ச்சினோம். மழை பெய்தது. நான் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டேன். நின்ற இரண்டு தவணையையும் தை மாதத்துக்குள் கட்டினேன். மதினி மகளுக்கும் கடன் கிடைத்தது.

இது ஒருத்தி கதை. அதன் பிறகு குழு என்ன கற்றுக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

2024-ல் தமிழக அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டம் கொண்டுவந்தது. 360 சதுர அடி, வீட்டுக்கு 3,50,000 ரூபாய். 2030-க்குள் 8 லட்சம் வீடு என்று அறிவித்தார்கள். எங்கள் குழுவில் மூன்று பேருக்குக் கிடைத்தது. மூவருக்கும் நோட்டுப் போட்டுக் கொடுத்தோம். முதல் வீடு சொன்ன நாளில் முடிந்தது.

இரண்டாவது வீட்டில் புதுச் சிக்கல். அரசுப் பணம் ஒவ்வொரு மட்டமும் முடிந்த பிறகு, பார்த்து அளந்துதான் வரும். பில் வரும்வரை கூலிக்குப் பணம் இல்லை. வேலை நின்றால் ஆள் வேறு இடம் போய்விடுவான். அதனால் பில் வரும்வரைக்கும் குழு நிதியில் இருந்து சின்னக் கைக்கடன் கொடுத்தோம். பில் வந்ததும் திரும்பி வந்தது. எந்த வாரம் பணம் முட்டும் என்பது நோட்டைப் பார்த்து முன்னாலேயே தெரிந்ததால்தான் இது முடிந்தது.

மூன்றாவது வீட்டில் நாங்கள் தோற்றோம். உண்மையைச் சொல்ல வேண்டும். நோட்டு அழகாக இருந்தது. ஆனால் வாராவாரம் எழுதவில்லை, ஒரே ராத்திரியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியது. கூட்டத்தில் யாரும் வாசிக்கவும் இல்லை. வாசற்படியும் சன்னலும் முதலிலேயே ஆசையாக வாங்கிப் போட்டு, மேற்கூரைக் கம்பிக்குப் பணம் இல்லாமல் இரண்டு மாதம் நின்றது. நோட்டு இருந்தால் மட்டும் போதாது. அதை வாசித்து, நாலு பேர் பேசி, அதன்படி செய்தால்தான் அது நோட்டு. இல்லாவிட்டால் வெறும் தாள்.

பெரிய வேலைக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். பெரிய கம்பெனிகளில் கம்ப்யூட்டரில் எல்லாம் வருமாம். பிரதமர் வீட்டுத் திட்டத்திலேயே ஒவ்வொரு மட்டத்துக்கும் இடத்தோடு சேர்த்துப் போனில் போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் போட்டோ என்ன முடிந்தது என்று காட்டும். அடுத்து எதைச் செய்யணும் என்று உட்கார்ந்து முடிவெடுக்க ஆள் வேண்டும். நம்ம செங்கோட்டை - புனலூர் ரயில் பாதை 1904-ல் இருந்து ஓடியது. அகலப் பாதையாக்க 2010-ல் நிறுத்தினார்கள். மறுபடி ரயில் வர 2018 ஆயிற்று. அது மலை, குகை, பாலம் உள்ள பாதை. ரயில்வே தாங்கும். 35,000 ரூபாய் வைத்திருப்பவள் எட்டு மாதம்கூடத் தாங்க மாட்டாள். அதனால் நிர்வாகம் ஏழைக்குத்தான் அதிகம் வேண்டும்.

நாம் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். பஞ்ச சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். முறையாகக் கூட்டம், முறையாகச் சேமிப்பு, முறையாக உள்கடன், முறையாகத் திருப்பிச் செலுத்துதல், முறையாகக் கணக்கு எழுதுதல். சங்கப் பணத்துக்கு அதைச் செய்கிற நாம், வாழ்நாளில் ஒரே தடவை கட்டும் வீட்டுக்கு ஏன் செய்வதில்லை? பக்கத்துக் கேரளாவில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் பெண்களே கொத்தனார் வேலை படித்து வீடு கட்டித் தருகிறார்கள். சித்தாளாகக் கல் சுமந்த நமக்கு அளக்கத் தெரியாதா?

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் மூன்று. ஊராட்சிக்கு ஒரு டேப்பும் ஒரு வீட்டு நோட்டும் வாங்கி வையுங்கள். வீடு கட்டும் உறுப்பினர் ஒவ்வொரு கூட்டத்திலும் அதை வாசிக்கட்டும். மாதம் ஒருமுறை மூன்று பேர் போய் நேரில் பார்க்கட்டும். மூன்றாவது வீட்டில் நாங்கள் செய்த தப்பு இன்னொரு குழுவில் நடக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு "ஓட்டைப் பானை" என்று கேட்ட மதினி முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் மகள் இப்போது நர்ஸ். மதினி, நீங்கள் அன்றைக்குக் கேட்காமல் இருந்திருந்தால் அந்த 30,000-மும் என் கையில் கரைந்திருக்கும். எல்லார் முன்னாலும் உங்களுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.