காலில்லாமல் ஓடும் கிருமி

அந்தி சாய்ந்தால் புதுச்சேரியில் சன்னலைச் சாத்தாத வீடு அபூர்வம். கொசு! அதை ஆராயவென்றே 1975-இலிருந்து நம் ஊரில் ஒரு மத்திய அரசு நிறுவனம் இயங்குகிறது, இந்திரா நகர் வி.சி.ஆர்.சி. இன்று நான் பேசப்போவது கொசுவைப் பற்றியல்ல. அனாஃபிலிஸ் இனப் பெண் கொசு கடிக்கும்போது எச்சிலோடு நம் தோலுக்குள் இறக்கிவிடும் மலேரியாக் கிருமியைப் பற்றி.

1880-இல் அல்ஜீரியாவில் இதை முதலில் கண்டவர் லவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர். ரத்தத் துளியில் ஏதோ துடித்து நெளிந்தது. உயிர்தான் என்று துணிந்தார்.

தோலில் இறங்கும் கிருமிக்குக் காலும் கிடையாது, வாலும் கிடையாது. ஆனாலும் பிடிக்க வரும் நம் வெள்ளையணுவைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வேகமாக ஓடுகிறது. ஓட்டுவது ஆக்டின்.

ஆக்டின் ஒரு புரதம். மணி மணியாக மிதக்கும். ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் இரட்டைப் புரிக் கயிறு. சோதனைக் குழாயில் கொஞ்சம் உப்பைச் சேர்த்தால் போதும், தானே கோத்துக்கொள்ளும். செல்லுக்குள் அப்படி விட்டுவிட முடியுமா? அதற்குத்தான் மேஸ்திரிகள். நம் செல்களில் ப்ரொஃபிலின் மணியை எடுத்துக் கொடுக்கும், ஃபார்மின் கயிற்று முனையில் அமர்ந்து கோக்கும், ஆர்ப் 2/3 பக்கக் கிளை கட்டும். இன்னொரு புரதம் முனைக்கு மூடி போட்டு வளர்ச்சியை நிறுத்தும். எனக்குப் பிடித்தது கோஃபிலின். பழைய கயிற்றை அது அறுக்காவிட்டால் புதுக் கயிற்றுக்கு மணி ஏது?

மலேரியாக் கிருமியிடம் நம்முடையதைப் போன்ற ஆர்ப் 2/3 கிடையாது. சிக்கனக்காரக் கிருமி. அதன் கயிறுகளும் பெரும்பாலும் துண்டு துண்டுதான்; ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு நீளம். சுண்ணாம்பாற்றில் தோணிக்காரர் கழியை ஊன்றிப் பின்னே தள்ளினால் தோணி முன்னே போகுமல்லவா? இங்கே கழி அந்தத் துண்டுக் கயிறு. கிருமியின் மேலுள்ள ஒட்டுப் புரதங்கள் வழியே அது வெளியே ஊன்றிக்கொள்கிறது. தள்ளுவது மயோசின் என்ற மோட்டார் புரதம். கயிறு நீண்டுகொண்டே போனால் இந்தக் கணக்கு நடக்காது. அந்த மயோசினை முடக்க ஆய்வுக்கூடங்களில் மருந்து தேடுகிறார்கள்.

அது வரும்போது வரட்டும். நகரத்து மலேரியாக் கொசு சாக்கடையைத் தேடாது. நல்ல தண்ணீரில், கிணற்றிலும் மாடித் தொட்டியிலும்தான் முட்டையிடும். நாளைக் காலையில் மாடியேறி, உங்கள் தொட்டிக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.