தானாகக் கூடும் ஒயில்
(தோட்ட நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம லயங்களில் இப்ப பல வாசலில் ஒரு ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ நிக்குது. கொழுந்து பறிச்ச சம்பளத்தில் சீட்டுக் கட்டி, லீசிங் போட்டு வாங்கியது. அந்த என்ஜின் நின்றால் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். அதனால்தான் என்ஜின் ஒயிலில் எரிபொருள் கலப்பதைப் பற்றி இன்று பேச வந்தோம்.

இதை அதிகம் அனுபவித்தவர்கள் யாழ்ப்பாணத்து மக்கள். 1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்ட பிறகு, பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாகிவிட்டது. பழைய ஒஸ்டின், மொரிஸ் மைனர் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள், அப்புறம் மண்ணெண்ணெய். அவங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நமக்கு அந்த நிலை இல்லை. ஆனாலும் காசு மிச்சம் என்று பெற்றோலில் மண்ணெண்ணெய் கலக்கிறவர்கள் உண்டு.

என்ன நடக்குது என்று பாருங்க. பெற்றோல் சீக்கிரம் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாக ஏறக்குறைய 150 முதல் 300 பாகை வரை சூடு வேணும். என்ஜின் குளிராக இருக்கும்போது எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கிருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிவிடும். பிறகு பிஸ்டன் றிங் வழியாக இறங்கி, கீழே உள்ள ஒயிலோடு சேரும். கெட்டியான கஞ்சியில் தண்ணி விட்ட மாதிரி ஒயில் இளகிவிடும். இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது அந்தப் படலம்தான். அது மெலிந்தால் றிங், பெயாரிங், கிராங்க் எல்லாம் தேயும்.

பெற்றோல் மட்டும் ஊற்றினாலும் இது வரலாம். காலைக் குளிரில் சோக்கை இழுத்தபடியே ஓடினால் வரும். கார்பரேட்டர் ஊசி தேய்ந்து இரவு முழுக்கப் பெற்றோல் கசிந்தாலும் வரும். டீசல் வண்டியில் இன்ஜெக்டர் ஒழுகினால் டீசல் கலக்கும்.

“பழைய டூ-ஸ்ட்ரோக் ஓட்டோவில் நாமேதானே பெற்றோலில் ஒயில் கலந்தோம்?” என்று கேட்பீர்கள். அது வேறு. அந்த ஒயில் பெற்றோலோடு போய் எரிவது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஒயில் கீழே தனியாக இருந்து வேலை செய்யுது. அதில் பெற்றோல் சேரவே கூடாது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒயில் கம்பியை எடுத்துப் பாருங்க. நாம ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால், “ஒயில் குறையலையே” என்று சந்தோஷப்படாதீங்க. அது எரிபொருள் கலந்த அடையாளம். மோந்து பார்த்தால் வாசம் தெரியும். விரலில் தேய்த்தால் தண்ணியாக வழுக்கும். பக்கத்தில் நெருப்புக்குச்சி, பீடி வேண்டாம்.

அப்படியிருந்தால் மேலே புது ஒயில் ஊற்றிச் சமாளிக்காதீங்க. வண்டியை ஓட்டாமல், கசிவைத் திருத்தி, ஒயிலை முழுசா மாற்றுங்க. இரவில் பெற்றோல் டெப்பை மூடுங்க. கழித்த ஒயிலை ஓடையில் ஊற்ற வேண்டாம்; கீழ் லயத்துக்குக் குடிதண்ணி அதுதான்.

ஒரு தடவை ஒயில் மாற்றுகிற செலவு, என்ஜினைக் கழற்றிச் செய்கிற செலவில் ஒரு சிறு பங்குதான். லீசிங் கட்டி முடியுமுன் என்ஜின் போனால், கடன் மட்டும் நம்ம தலையில் நிற்கும். வாரம் ஒருமுறை அந்தக் கம்பியைப் பாருங்க.