ஒரு மண்டலம், ஒரு பழக்கம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக் கட்டடம் என்று ஊரின் தேவைகளைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். இவற்றுக்குத் திட்டம் தீட்டலாம்; மதிப்பீடு தயாரிக்கலாம்; நிதியும் பெறலாம். ஆனால் நிதி ஒதுக்கீட்டினால் மட்டும் கைகூடாத முன்னேற்றம் ஒன்று உண்டு. அதுவே நம் அன்றாடப் பழக்கங்களில் ஏற்பட வேண்டிய முன்னேற்றம். கழிப்பறையை அரசு கட்டித் தரலாம். அதிலிருந்து வெளிவந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுவது நம்முடைய வேலை. மருந்து வீடு தேடி வரலாம். அதை நாள் தவறாமல் உட்கொள்வது நம்முடைய வேலை.

நமக்கு அறிவுரைக்குக் குறைவில்லை. உப்பைக் குறைக்க வேண்டும், கீரை உண்ண வேண்டும், பிளாஸ்டிக் பையைத் தவிர்க்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே கூடியிருப்போரில் அறியாதவர் எவருமிலர். எது நல்லது என்று தெரியாமல் நாம் கெடுவதில்லை. தெரிந்ததை நாள்தோறும் செய்யாமலே கெடுகிறோம். ஆகவே தெரிந்த ஒன்றைப் பழக்கமாக்கிக்கொள்ளும் வழி யாது என்பதைப் பற்றியே இன்று ஆராய்வோம்.

புதிதாக வெட்டிய வாய்க்காலில் முதன்முறை நீர் பாய்ச்சிப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். மடையைத் திறந்து வெகுநேரமாகியும் தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேராது. வழியெல்லாம் காய்ந்த மண் உறிஞ்சிக்கொள்ளும், வெடிப்புகளில் இறங்கும், கரை கசியும். பலமுறை பாய்ந்து மண் நனைந்து படிந்த பிறகு, அதே அளவு நீர் அதே வாய்க்காலில் தடையின்றி ஓடும். முதல் நாள் நீர் வந்து சேரவில்லையென்று வாய்க்காலையே தூர்த்துவிடும் விவசாயி எவருமில்லை. பழக்கமும் இத்தகையதே. தொடக்கத்தில் முயற்சி மிகுதியாகவும் பயன் குறைவாகவும் தோன்றும். நாட்கள் செல்லச் செல்ல முயற்சி குறைந்து, செயல் தானாகவே நடைபெறும்.

அதற்கு எத்தனை நாள் வேண்டும்? நம் முன்னோர் மருந்து உண்பதற்கும் நோன்பு நோற்பதற்கும் ஒரு மண்டலம் என்று கால அளவு வகுத்தனர். அது 48 நாள் என்பது பெருவழக்கு. இக்காலத்து ஆராய்ச்சியும் இதுபற்றி ஒன்று சொல்கிறது. இலண்டனிலுள்ள யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 96 பேர் ஆளுக்கொரு சிறு செயலைத் தேர்ந்துகொண்டு, அதை அன்றாடம் தவறாது நிகழும் ஒன்றோடு பிணைத்து, 12 வாரங்கள் செய்துவர முயன்றனர். அச்செயல் தன்னியல்பாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. மிக விரைந்தவருக்கு 18 நாள் போதுமாயிருந்தது. மிக மெதுவானவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிடப்பட்டது. எளிய செயல் விரைவில் வேரூன்றியது. கடினமானது காலம் கடந்தே ஊன்றியது. இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது குன்றிப்போகவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது என்ன? ஒரு மண்டலம் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு, முடிப்பதற்குரிய அளவன்று. முதல் மண்டலத்தில் பயிர் ஊன்றும்; இரண்டாம் மண்டலத்தில் கிளைக்கும். ஆகவே முதலில் 48 நாளுக்கு உறுதி பூணுவோம். அது நிறைவேறியபின் மேலும் 48 நாள் நீட்டிப்போம்.

உறுதியைத் தேர்ந்துகொள்வதில் மூன்று விதிகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, அது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் ஏர் மாட்டைக் கொண்டு ஒரே நாளில் பத்து ஏக்கர் உழ முற்படுவோர் மாட்டையும் இழப்பர், உழவையும் இழப்பர். 

இரண்டாவது, அது கண்ணால் கண்டு எண்ணத்தக்கதாக இருக்க வேண்டும். 'உடல்நலம் பேணுவேன்' என்பது உறுதியன்று, விருப்பமே. 'உண்ணும் முன் சோப்பிட்டுக் கை கழுவுவேன்' என்பதே உறுதி. இரவில் படுக்கும்போது செய்தோமா இல்லையா என்று ஒரே சொல்லில் விடை கூறக்கூடியதாக இருத்தல் நலம்.

மூன்றாவது, அது நாள்தோறும் நாம் தவறாமல் செய்யும் வேறொரு காரியத்தோடு பிணைக்கப்பட வேண்டும். பால் கறந்தபின், இலை போடும் முன், வண்டிச் சாவியைக் கையிலெடுக்கும்போது என்று ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொள்ளலாம். நினைவை நம்பியிருந்தால் வேலை மிகுந்த நாளில் அது நம்மைக் கைவிட்டுவிடும். பழைய காரியம் கைவிடாது. கொடி பந்தலைப் பற்றி ஏறுவதுபோலப் புதிய பழக்கம் பழைய பழக்கத்தைப் பற்றி ஏறும்.

எடுத்துக்காட்டாக உப்பையே கொள்வோம். இரத்தக் கொதிப்பு எனப்படும் உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித நோவுமின்றி உடலில் தங்கியிருக்கும். பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும்வரை பலர் அதை அறிவதில்லை. உழுது பாடுபடும் கை ஒன்று ஒரே நாளில் செயலிழந்தால், அக்குடும்பத்தின் சாகுபடியும் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்தே தடைப்படுகின்றன. நிலத்தை அடகு வைக்கும் நிலையும் நேர்கிறது. அளவுக்கு மீறிய உப்பு இக்கொதிப்பை உயர்த்தும் காரணங்களுள் முக்கியமானது. வயது வந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. இது ஏறக்குறையத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி அளவாகும்.

இதை வீட்டுக் கணக்காகப் பார்ப்போம். வயது வந்தோர் நால்வர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 20 கிராம். ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். அதாவது ஒரு மண்டலத்துக்குச் சற்றே மிகுதியாக வர வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடைப் பலகாரம் ஆகியவற்றின் வழியே வரும் உப்பையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஒரு கிலோ இன்னும் கூடுதலான நாட்கள் வருவதே முறை. நம் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? பெரும்பாலோருக்கு இக்கேள்விக்கு விடை தெரியாது. உரத்துக்கும் விதைக்கும் கணக்கு வைத்திருக்கும் நாம், உள்ளே போகும் உப்புக்குக் கணக்கு வைத்திருப்பதில்லை.

ஆகவே, உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளன்று தேதியை அதன்மேல் எழுதி வைப்போம். கால்நடைகளுக்கு இடும் உப்பையும் ஊறுகாய் போடும் உப்பையும் தனியே வைத்துக்கொள்வோம். சமையலுக்குக் கையால் அள்ளிப் போடாமல் ஒரே கரண்டியால் தலைதட்டி அளந்து போடுவோம். முதல் வாரம் அளந்தால் மட்டும் போதும். அதன்பின் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால், சில வாரங்களில் நாக்கு அதற்குப் பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலை ஆகியவை சுவையின் குறையை ஈடு செய்யும். இங்கே சமைப்பவரை மட்டும் பொறுப்பாக்குவதில் பயனில்லை. இலையின் ஓரத்தில் தனியே உப்பு வைக்கச் சொல்வோரும் இவ்வுறுதியில் பங்கு கொள்ள வேண்டும். சிறுநீரகம், இருதயம் முதலியவற்றில் நோயுற்று மருந்து உண்போர், மருத்துவரைக் கேட்டுக்கொண்டே உப்பின் அளவிலும் வகையிலும் மாற்றம் செய்ய வேண்டும்.

கொதிப்பும் நீரிழிவும் உள்ளோருக்கு மாத்திரை உண்பதே முதல் உறுதியாக அமையலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே இம்மருந்துகள் இல்லம் தேடி வரும் ஏற்பாடு ஏற்பட்டது. உடம்பு தேறிவிட்டது என்று தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவது ஆபத்தானது. காலைக் காப்பியோடு மாத்திரையைப் பிணைக்க மருத்துவர் இசைவாராயின், காப்பித் தூள் டப்பாவின் அருகிலேயே அதை வைத்துவிடலாம்.

எல்லோரும் ஒரே உறுதியை எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. இளைஞர் ஒருவர் கடைக்குத் துணிப்பையோடு போவதை உறுதியாகக் கொள்ளலாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை விதிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. ஆயினும் சட்டம் கடைக்காரரைத் தடுக்கலாம். வெறுங்கையோடு கடைக்குப் போகும் நம்மை மாற்றாது. பையை வண்டிச் சாவி மாட்டும் ஆணியிலேயே மாட்டிவைத்தால் பாதி வேலை முடிந்தது. வயலிலும் வாய்க்காலிலும் சேரும் பிளாஸ்டிக் மண்ணில் நீர் இறங்குவதைத் தடுக்கிறது. மேய்ச்சல் மாடுகளின் வயிற்றில் அடைத்துக்கொள்கிறது. இவ்விரு கேட்டையும் விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மகளிர் சிலர், குளிக்கும் நீரையும் பாத்திரம் கழுவும் நீரையும் கொல்லையில் வாழைக்கும் அகத்திக்கும் திருப்பிவிட்டு, நாளொரு கீரை சமைப்பதை மேற்கொள்ளலாம். டிராக்டரும் இருசக்கர வண்டியும் வந்தபின் உடலுழைப்புக் குறைந்துவிட்ட நண்பர்கள், தேநீர்க் கடைக்கும் வயலுக்கும் நடந்தே போய் வருவதை மேற்கொள்ளலாம். எதுவாயினும் ஒன்று; எண்ணத்தக்கது; பழைய காரியத்தோடு பிணைந்தது.

கணக்கு வைப்பது இன்றியமையாதது. பால் கணக்குக்குச் சுவரில் கரிக்கோடு போட்டுவந்த வழக்கம் நமக்குப் புதிதன்று. அவ்வாறே நாட்காட்டியில் நாள்தோறும் ஒரு கோடு போடுவோம். ஒருநாள் தவறினால் அக்கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு மறுநாள் தொடர்வோம். பயிரில் ஒரு குத்துப் பட்டுப்போனால் அவ்விடத்தில் மறுநடவு செய்வோமேயன்றி வயலையே தரிசாக விடுவதில்லை. ஆனால் தொடர்ந்து இரண்டு நாள் தவறுமாயின், உறுதி பெரிதாகிவிட்டது என்று பொருள். அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு நடத்துவதில் இழிவில்லை.

இறுதியாக ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு சொல். ஒருவருடைய மனவுறுதி எவ்வளவு வலிதாயினும், செய்வதற்கு வசதியில்லாத இடத்தில் அது நெடுநாள் நில்லாது. பள்ளிக் கழிப்பறையின் அருகே குழாயில் நீர் வராவிடில், கை கழுவுமாறு பிள்ளைகளுக்குப் போதிப்பது வீண். சோப்புத் துண்டை வலைப்பையிலிட்டுக் குழாயருகே கட்டித் தொங்கவிடுவதற்குப் பெருஞ்செலவில்லை. குப்பையைத் தரம் பிரித்துத் தருவோரின் கண்ணெதிரே, இரண்டையும் ஒரே வண்டியில் கலந்து கொட்டினால், மறுநாள் எவரும் பிரிக்கமாட்டார். மக்கள் மேற்கொள்ளும் உறுதிக்கு வாய்க்கால் வெட்டித் தருவது மன்றத்தின் கடமை. மன்றக் கூட்டத்தில் காகிதக் குவளையை நீக்கிக் கழுவும் குவளையில் தேநீர் வழங்கினால், அதுவே ஊருக்கு முதல் பாடமாகும்.

இதற்கு ஏற்ற காலமும் நம் நாட்காட்டியிலேயே அமைந்திருக்கிறது. ஆகஸ்டு 15-இல் ஒரு கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2-இல் மற்றொன்று கூடுகிறது. ஆகஸ்டு 16 முதல் அக்டோபர் 2 வரை எண்ணிப் பாருங்கள். சரியாக 48 நாள். ஆடிப்பட்டத்தில் விதைத்தவை வளர்ந்துவரும் பருவமும் அதுவே. சுதந்திர தினக் கிராம சபையில் விருப்பமுள்ளோர் தத்தம் உறுதியைத் தாமே எழுதிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். காந்தியடிகள் பிறந்த நாளில் அதே சபையில் எத்தனை கோடு விழுந்தது என்று தாமே சொல்லட்டும். பரிசும் வேண்டாம், அபராதமும் வேண்டாம். 48-இல் 30 நாள் செய்தவரையும் நாம் பாராட்டுவோம். ஏனெனில் அந்த 30 நாளும் முன்பு இல்லாதவை.

உறுப்பினர்கள் முதலில் தம் வீட்டில் தொடங்குவாராக. பிறருக்குச் சொல்லும் முன், தம் சமையலறையில் உள்ள உப்புப் பொட்டலத்தில் இன்றைய தேதியை எழுதுவாராக. அது எத்தனை நாள் வருகிறது என்பதை அடுத்த கூட்டத்தில் நாம் அனைவரும் கூடிக் கணக்கிடுவோம்.