பெயரடையைத் தொடரும் வாக்கியம்



ஆங்கிலப் பெயரடைகளோடு 'தட்' துணைவாக்கியம் எப்படிச் சேர்கிறது என்பதை ஆராயக் குற்றாலத்தில் கூடியிருக்கிறோம். பார்வைக்குச் சின்ன விஷயம். விடைத்தாள் திருத்தியவர்களுக்கு இதன் கனம் தெரியும்.

நம் பிள்ளைகள் அடிக்கடி எழுதும் தொடர் ஒன்று: 'இட் இஸ் ஷ்யூர் தட் ஹி வில் கம்'. 'அவன் வருவான் என்பது உறுதி' என்ற தமிழ் அதில் அப்படியே நிற்கிறது. 'சர்ட்டன்' என்றால் 'இட்' வரலாம், ஆளும் வரலாம். 'ஷ்யூர்' பெரும்பாலும் ஆளைத்தான் எழுவாயாகக் கேட்கும். பொருள் ஏறக்குறைய ஒன்று, வழக்கு வேறு. இதற்கு விதி சொல்லி மாளாது. சொல்லுக்குச் சொல் பழக்க வேண்டும். ஏ. எஸ். ஹார்ன்பி 1954இல் வெளியிட்ட வாக்கிய அமைப்பு நூல் அந்தப் பழக்கத்துக்காகவே எழுதப்பட்டது.

இன்னொன்று. 'இட் இஸ் எசென்ஷியல் தட் ஹி கம்' என்று ஒரு பிள்ளை எழுதினால் 'கம்ஸ்' என்று திருத்திவிடாதீர்கள். 'எசென்ஷியல்' போன்ற சொற்களுக்குப் பின் வெறும் வினை வருவது ஆங்கிலத்தில் நல்ல வழக்கு.

நான் அழுத்திச் சொல்ல வந்தது வேறு. 'க்ளாட்', 'கான்ஃபிடன்ட்', 'அஃப்ரெய்ட்' ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலம் ஒரே 'தட்' போட்டு முடித்துவிடுகிறது. தமிழ் மூன்றையும் வேறு வேறாக வைக்கிறது. நீங்கள் வந்ததில் மகிழ்ச்சி. நீங்கள் வருவீர்கள் என்று நம்பிக்கை. மழை வந்துவிடுமோ என்று பயம். 'வந்தீர்கள் என்று மகிழ்ச்சி' என எந்தப் பிள்ளையும் சொல்லாது. நடந்து முடிந்ததற்கு ஓர் அமைப்பு, மனம் எண்ணுவதற்கு 'என்று', அஞ்சுவதற்கு ஐய ஓகாரமும் சேர்ந்த 'என்று'. ஐந்து வயதில் இதைப் பிசகாமல் பேசும் பிள்ளையிடம் பதினைந்து வயதில் 'உனக்கு இலக்கணம் வராது' என்கிறோமே, எனக்கு மனம் பொறுக்கவில்லை.

1970இல் பால் கிபார்ஸ்கியும் கரோல் கிபார்ஸ்கியும் எழுதிய 'ஃபேக்ட்' என்ற கட்டுரை இந்த வேறுபாட்டைத்தான் ஆங்கிலத்தில் தோண்டி எடுத்தது. 'ஆட்', 'டிராஜிக்' போன்ற பெயரடைகள் பின்வரும் செய்தியை நடந்ததாகவே கொள்கின்றன. 'லைக்லி', 'பாசிபிள்' அப்படிக் கொள்வதில்லை. எதிர்மறையாக்கிப் பார்த்தால் தெரியும். அவர் வந்ததில் வியப்பில்லை என்றால் அவர் வந்துவிட்டார். அவர் வந்தார் என்று உறுதியில்லை என்றால் வந்தாரோ, இல்லையோ. ஆங்கிலத்தில் பெயரடைக்குள் மறைந்திருக்கும் இந்தக் குறிப்பைத் தமிழ் பெரும்பாலும் துணைவாக்கியத்தின் முடிவிலேயே காட்டிவிடுகிறது. தொல்காப்பியர் இடையியலில் 'என' என்ற சொல்லுக்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு இடம் வகுத்து, 'என்று' என்பதும் அப்படியே என்றார். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில், ஐரோப்பிய மொழிகளில் தொடர்புப் பிரதிப்பெயர்கள் (ரிலேட்டிவ் ப்ரோனவுன்) செய்யும் வேலையைத் திராவிட மொழிகளில் பெயரெச்ச வடிவங்களே செய்வதை விளக்கினார். இவ்வளவும் நம் கையில் இருக்க, வகுப்பறையில் 'தட்' என்றால் 'என்று' எனச் சமன்பாடு எழுதிப்போட்டு நகர்ந்துவிடுகிறோம். பிள்ளை வைத்திருக்கும் மூன்று பிரிவில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் எந்தெந்த ஆங்கிலப் பெயரடை அடங்கும் என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது.

'அஃப்ரெய்ட்' பற்றி ஓர் எச்சரிக்கை. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் தட் தி பஸ் ஹேஸ் கான்' என்பவருக்குப் பயம் ஏதுமில்லை. பஸ் போய்விட்டதே என்று வருத்தத்தோடு தெரிவிக்கிறார். இங்கே 'போய்விட்டதே' என்பதில் உள்ள நம் ஏகாரம்தான் பொருந்தும்.

என் பகுப்பு எல்லா இடத்திலும் நிற்காது. 'மழை வருவது உறுதி' என்கிறோம். 'அவர் வந்தது பொய்' என்றும் சொல்கிறோம். நடக்காததற்கும் நடந்ததற்குரிய அமைப்பே வருகிறது. உறுதி, உண்மை, பொய் ஆகிய சொற்கள் மட்டும் ஏன் இரு பக்கமும் போகின்றன? செங்கோட்டை, கடையநல்லூர், சுரண்டைப் பக்கத்துப் பேச்சிலிருந்து எடுத்துக்காட்டுகளோடு வந்திருப்பவர்கள் முதல் அமர்வில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.